திட்டு வாங்கினால்தான் வேலை

நல்ல பெயர் எடுத்த ஒருவரைக்கூடச் சேர்க்காமல் ஒரு செட்டு ஆட்களை வைத்து வேலை வாங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் திட்டு மேஸ்திரி ஒருவர்தான். இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

2005-ல் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்ததும் சீசனுக்கு ஆள் எடுப்பார்கள். மற்ற மேஸ்திரிகள் ஆளின் உடம்பைப் பார்ப்பார்கள். எங்கள் மேஸ்திரி, முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிடுவார். பழைய முதலாளியைப் பிடித்து, "ஆளு எப்படிங்க?" என்பார். "தங்கமான பையன்" என்று பதில் வந்தால் பையனுக்கு வேலை கிடையாது.

"நல்லவன்னுதானே சொன்னாங்க மேஸ்திரி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யோவ் கணக்கு, நல்ல ஆள எவன்யா நல்லவன்னு சொல்லி அனுப்புவான்? தொலைஞ்சா போதும்னு நம்ம தலையில கட்டுறான். கண்டபடி திட்டுறான் பாரு, அவனுக்குத்தான் விட மனசில்ல."

பிரம்மதேசத்து சரோஜாவை அவளுடைய பண்ணைக்காரர், "நடவுக்குக் கூப்பிட்டா எனக்கே நாட்டாமை பண்றா" என்று காறித் துப்பினார். அன்றே அவளுக்கு வேலை. குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் தோட்ட வேலை பார்த்த ஏழுமலை, யார் எது சொன்னாலும் காதில் வாங்காதவன். அவனும் தேறினான். என்னை எடுத்ததும் அப்படித்தான். பெரிய முதலியார்சாவடியில் நான் முன்பு வேலை பார்த்த ஹார்டுவேர் கடை முதலாளி, "அவனா? குடைஞ்சு குடைஞ்சு கேள்வி கேட்டே என் உசுர வாங்கிட்டான்" என்றாராம். மேஸ்திரி வந்து என் கையைக் குலுக்கினார். அவமானமாகத்தான் இருந்தது. வேலை வேண்டுமே, சேர்ந்துவிட்டேன்.

எங்கள் உப்பள முதலாளிக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். முந்தின வருடம் கோடை மழையில் குவித்து வைத்த உப்பு கரைந்து போயிருந்தது. "இந்த வருஷமும் உப்பு போச்சுன்னா நீயும் கெளம்பு, உன் செட்டும் கெளம்பட்டும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. காக்கா பறந்தால்கூட மேகமா என்று அண்ணாந்து பார்ப்பார்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் வானம் கறுத்தது. சரியாக அப்போது முதலாளி போன் செய்து, "லாரி திண்டிவனம் தாண்டிடுச்சு. வந்ததும் ஏத்தணும், உப்ப ஓலை போட்டு மூடிடாதீங்க" என்றார். மேஸ்திரியிடம் சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, "முதலாளி சொன்னபடியே செய்ங்கப்பா" என்றார்.

"லாரி வந்தா பிரிச்சிக்கலாம். பயமா இருந்தா நீ ஷெட்டுல போயி ஒக்காரு மேஸ்திரி" என்றாள் சரோஜா. ஏழுமலை இதையெல்லாம் கேட்கவே இல்லை. அவன் ஏற்கெனவே உப்புக் குவியல்மேல் ஓலையோடு நின்றுகொண்டிருந்தான். நான் முதலாளிக்குத் திரும்பப் போன் போட்டு, தாண்டியதை யார் பார்த்தது, டிரைவர் சொன்னாரா, கிளீனர் சொன்னாரா என்று குடைந்தேன். கடைசியில் லாரி கிளம்பவே இல்லை என்று தெரிந்தது. அதற்குள் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதலாளி வந்தார். மூடிய உப்பு அப்படியே இருந்தது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"சொல்பேச்சு கேக்காத ஜென்மங்க! எங்கய்யா புடிச்ச இதுங்கள?"

மேஸ்திரிக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

விஷயம் பரவிவிட்டது. அடுத்த வாரமே பக்கத்துப் பெரிய உப்பளத்து முதலாளி என்னைத் தேடி வந்து, "உங்க மேஸ்திரி ஆளு எப்படிப்பா? எங்ககிட்ட கூப்டுக்கலாம்னு பாக்குறேன்" என்றார்.

எனக்குப் பகீரென்றது.

"அந்தாளா? வேணாங்க. மொபெட்ல ஊர் சுத்துறதுக்கே நேரம் சரியா இருக்குது. யாரு நல்லவன்னு சொன்னாலும் நம்ப மாட்டாரு. அவரு பேச்ச அவரு செட்டே கேக்காதுங்க" என்று மூச்சு விடாமல் திட்டினேன். அத்தனையும் உண்மை. வந்தவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பினால், பின்னால் மேஸ்திரி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க நல்லவருன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்யா."

நானாவது, சொல்வதாவது! அந்த மனுஷனை இன்னொருத்தருக்குக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.