வெட்கப்படும் துரைசானி

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் ஏரியைப் பார்ப்பார்கள், படகில் ஏறுவார்கள், மிளகாய் பஜ்ஜி தின்பார்கள், கொண்டை ஊசி வளைவுகளில் அதை வாந்தியெடுத்துக்கொண்டே கீழே இறங்குவார்கள். இந்தச் சீசனில் ஏரியைச் சீந்த ஆளில்லை. கூட்டமெல்லாம் ஒண்டிக்கடை முக்கில், ஒரு பழைய சாமான் கடையின் பின்கட்டில். நாகலூர் பஸ்ஸில் வருகிறவர்கள் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதில்லை, படத்தை வைத்துக்கொள்கிறார்கள். குழந்தை நின்றுகொண்டு வருகிறது.

படமென்றால் சாமி படமில்லை. வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பங்களாக்களைக் காலி செய்தபோது மேஜை நாற்காலியோடு வெளியே வந்த பழைய ஓவியங்கள். மாடு மேயும் படம், கப்பல் கவிழும் படம், பெயர் தெரியாத பிரபுவின் மீசைப் படம். மலையில் பாதி வீடுகளில் சுவர் விரிசலை மறைத்துக்கொண்டு சும்மா தொங்கிய இந்தப் படங்களுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் வர்ணானந்தா. எல்லாப் படத்துக்கும் இல்லை. அவரிடம் இருக்கும் படங்களுக்கு மட்டும்.

வர்ணானந்தா காவி கட்டுவதில்லை. காப்பிப்பொடி நிறத்தில் ஜிப்பா, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி. "இது மதம் இல்லீங்க, சயின்ஸுங்க. வரைஞ்சவன் விட்ட மூச்சு படத்துக்குள்ள வைப்ரேஷனா நிக்குது" என்பார். கூட்டம் தலையாட்டும். புரிந்த தலை அதிகம் ஆடுமா, புரியாத தலை அதிகம் ஆடுமா என்று யாரும் ஆராயவில்லை.

முறை எளிது. வீட்டுப் படத்தை நீங்கள் கொண்டுபோக வேண்டும். துளசி கொதிக்கும் பித்தளைச் செம்பின் ஆவியை அவர் அதற்குக் காட்டுவார். படம் அப்படியே இருக்கும். "செத்த படமுங்க" என்று உதட்டைப் பிதுக்குவார். செத்த படம் தொங்கும் வீட்டில் காப்பிச்செடி காய்க்காது, பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்கு அரியர் தீராது. அதை அவரிடமே விட்டுவிட்டால், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிப் போய் முறைப்படி அடக்கம் செய்துவிடுவார். பிறகு பின்னறையிலிருந்து உயிர்ப்படம் வரும். நீலக் கவுன் போட்ட ஒரு துரைசானி. அதே ஆவியை அவளுக்குக் காட்டினால், கண்ணெதிரே கவுன் மெல்ல ரோஸ் நிறமாகும்.

"வெக்கப்படறா பாருங்க. உங்கள ஏத்துக்கிட்டா. நீலமாவே நின்னா ஆளு ஆகாதுன்னு அர்த்தம்."

காணிக்கை வைத்துவிட்டு அவளை அழைத்துப் போகலாம். கண்ணாடி மட்டும் போடக்கூடாது, அவளுக்கு மூச்சு முட்டும். ஆளுக்கொரு துரைசானி, அத்தனை பேருக்கும் நீலக் கவுன். அந்தக் காலத்துச் சீமையில் வேறு துணியே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காகத்தான் தேவசிகாமணி போனார். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். மூடநம்பிக்கை என்றால் அவருக்கு அறவே ஆகாது. கிளி ஜோசியக்காரனோடு வாதாடிக் கிளியையே குழப்பிவிட்டவர். அவருக்கு இருந்த ஒரே மூடநம்பிக்கை, பழைய படங்களை எடைபோடுவதில் தன் கண்ணுக்கு நிகரில்லை என்பதுதான். பழைய சாமான் கடையில் படத்தைத் திருப்பி முதுகைத் தட்டுவார், சட்டத்தை முகர்வார், எச்சில் தொட்டு மூலையைத் தேய்ப்பார், ஒரு கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தவறாமல் தப்பான படத்தை வாங்குவார். அசல் ஆயில் பெயிண்டிங் என்று அவர் தூக்கி வந்த நீர்வீழ்ச்சியை மனைவி ரூபி ஈரத்துணியால் துடைத்தபோது, அடியில் ஓர் உரக் கம்பெனியின் பெயரும் மார்ச் மாதமும் தெரிந்தன.

வர்ணானந்தா அவரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "மாஸ்டருங்களா? வாங்க, வாங்க. இந்த மலையில படம் பாக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒண்ணு நானுங்க."

மற்றொருவர் யார் என்று அவர் சொல்லவில்லை. தேவசிகாமணிக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. பாமரனை ஏய்க்கப் பயம் காட்ட வேண்டும், படித்தவனை ஏய்க்க ஒரு பாராட்டுப் போதும்.

மறுநாள் ரூபி தையல் துணி வாங்கச் சேலத்துக்கு இறங்கியிருந்த நேரம் பார்த்து, வீட்டில் மாட்டியிருந்த ஒரே நல்ல படத்தைக் கழற்றி எடுத்துப் போனார். கையில் தட்டுக்கூடையோடு ஒரு பெண் களத்தில் காப்பிக்கொட்டை காயவைக்கும் படம். மாதா கோயிலில் பழைய பொருட்கள் விற்றபோது ரூபி வாங்கியது. வரைந்தவர் யாரோ. ரூபியின் அம்மா தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காலமெல்லாம் கொட்டை காயவைத்தவர். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. படத்திலிருந்த பெண் இடுப்பில் கை வைத்து நின்ற நிற்பு அசலாக அம்மாவின் நிற்பு. அதனால் ரூபி அந்தப் படத்தைப் படம் என்று சொன்னதே இல்லை.

ஆவி காட்டியதும் அது செத்த படம் என்று தீர்ப்பானது. தேவசிகாமணிக்குத் துரைசானி ரோஸ் ஆனாள். "டிராயிங் மாஸ்டரே சொல்லட்டும்" என்று மைக்கை நீட்டினார் வர்ணானந்தா. "இது முற்றிலும் விஞ்ஞானம்" என்று மாஸ்டரும் சொன்னார். அன்று வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நீண்டது.

சாயங்காலம் ரூபி வந்து சுவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அம்மா எங்க?"

"அது செத்த படம் ரூபி. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அனாட்டமியே தப்பு."

"எங்கம்மா செத்து எத்தனையோ வருசமாச்சு. அதுக்காக ஊட்ட உட்டு அனுப்பிருவீங்களா?"

தைத்த பள்ளி யூனிபாரங்களை இஸ்திரி போட உட்கார்ந்தாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் தேவசிகாமணியோடு பேசியது துரைசானி மட்டும்தான். மாலையில் பனி இறங்கி ஜன்னல் வழியே உள்ளே வரும். அவர் எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். அவள் வெட்கப்படுவாள். அவர் தலை வாரிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். ஆனால் ரூபி அருகில் வந்தால் போதும், கவுன் நீலமாகிவிடும்.

"பாத்தியா? உன்னைக் கண்டா அவளுக்கு ஆகல" என்றார் சனிக்கிழமை மாலை.

ரூபி கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, கவுன் மறுபடி ரோஸ் ஆகும்வரை வெறுங்கையோடு நின்றாள். படத்துக்கு முகத்தோடு முகம் வைத்தாள். ரோஸ் மாறவில்லை. பெட்டியை எடுத்து வந்து கிட்டே காட்டினாள். நீலம்.

"அவ எனக்குப் பயப்படலீங்க, இஸ்திரிப் பெட்டிக்குப் பயப்படறா."

படத்தைச் சமையலறைக்குத் தூக்கிப் போய் இட்லிக் குண்டானைத் திறந்தாள். ஆவி பட்டதும் துரைசானி முழுக்க ரோஸ் ஆனாள்.

"இட்லிக் குண்டானையும் ஏத்துக்கிட்டாங்களே, நொம்பத் தாராள மனசுதான்."

தேவசிகாமணிக்கு அப்போதுதான் பள்ளிக்கூட லேப் ஞாபகத்துக்கு வந்தது. கேமரா பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போடுகிற பொட்டலத்து மணிகளில் பூசும் கோபால்ட் உப்பு. காய்ந்தால் நீலம், ஈரம் பட்டால் ரோஸ். அதைக் கரைத்துக் கவுனில் தடவியிருக்கிறான். இதைப் பையன்களுக்கு வேடிக்கை காட்டியவர்களில் அவரும் ஒருவர். வெட்கப்படுவதற்கு அந்த வீட்டில் உண்மையான காரணம் உள்ள ஒரே ஆள் அவர்தான். அவர் காது வரை சிவந்தார்.

"நாளைக்கு வேன் கிளம்பிரும் ரூபி. சத்தமில்லாம போயி நம்ம படத்த மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்துரட்டுமா?"

"மைக்குல குடுத்ததை மைக்குலதானுங்க திருப்பி வாங்கோணும்" என்றாள் ரூபி.

ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து இருவரும் ஒண்டிக்கடைக்குப் போனார்கள். நல்ல வெயில், துரைசானி நீலமாக இருந்தாள். வாசலில் வேன் நின்றது, உள்ளே செத்த படங்கள் அடுக்கப்பட்டிருந்தன. வர்ணானந்தா மகிழ்ந்துபோய் மாஸ்டரிடம் மைக்கைக் கொடுத்தார்.

"போன வாரம் இது விஞ்ஞானம்னு சொன்னேனுங்க" என்றார் தேவசிகாமணி. "விஞ்ஞானந்தான். நான்தான் முட்டாளு. வந்து பாருங்க."

பக்கத்திலேயே பெரியண்ணனின் டீக்கடை. பாய்லர் மூடியைத் திறந்து மேலே படத்தைப் பிடித்தார். எல்லார் கண்ணெதிரிலும் கவுன் ரோஸ் ஆனது.

"டீ பாய்லர ஏத்துக்கிட்டா. இனி இவளப் பெரியண்ணந்தான் கட்டி மேய்க்கோணும்" என்றார்.

சிரிப்பு எழுந்தது. வர்ணானந்தா அசரவில்லை. "பாய்லர்ல அக்னி பகவான் இருக்காருங்க. அவரு இருக்கிற எடத்துல வெக்கம் வரத்தான் செய்யும்." பாதிக் கூட்டம் உடனே தலையாட்டியது. போன வாரம் தேவசிகாமணியின் தலையும் இதே வேகத்தில்தான் ஆடியிருந்தது.

ரூபி டீக்கடை பிளக்கில் சூடேற்றிய இஸ்திரிப் பெட்டியோடு முன்னால் வந்தாள். "சரிங்க சாமி, பகவான் ஒதுங்கட்டும். நீங்க வந்து நில்லுங்க. உங்களவிட அவளுக்கு வேண்டிய ஆளு யாருங்க?"

அத்தனை பேர் பார்க்க அவரால் மறுக்க முடியவில்லை. நின்றார். ரூபி படத்தின் முதுகுப் பக்கம் பெட்டியைப் பிடித்தாள். துரைசானி வர்ணானந்தாவைப் பார்த்துக்கொண்டே நீலமானாள்.

"நீலமா நின்னா ஆளு ஆகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

வர்ணானந்தாவுக்கு அந்த நேரம் பார்த்து அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடிக்காத போன். பேசிக்கொண்டே வேனை நோக்கி நடந்தார். மறித்த கூட்டம் டிரைவர் சின்னராஜைப் பிடித்துக் கேட்டது, "எந்த எடத்துல அடக்கம் பண்றீங்க?"

"அடக்கமா? இதெல்லாம் பெங்களூர் ஷோரூமுக்குப் போற அசல் பழைய படமுங்க. அங்க பணக்காரங்க அடிச்சுக்கிறாங்க" என்றான் அவன், ஒன்றும் தெரியாமல்.

அப்புறம் கூட்டம் பிடித்த பிடியில் வர்ணானந்தாவின் ஜிப்பாவில் ஒரு கைதான் மிஞ்சியது. அவரவர் மாட்டையும் கப்பலையும் மீசையையும் இழுத்து எடுத்தார்கள். ரூபி அடியிலிருந்து தன் படத்தைக் கண்டெடுத்து, முந்தானையால் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது, தேவசிகாமணிக்கு அந்த நீளக் கையில் ஒரு குறையும் தெரியவில்லை.

"என்னை மன்னிச்சிரு" என்றார்.

"அத எங்கம்மாகிட்ட கேளுங்க" என்றாள்.

எல்லாம் முடிந்தது என்று திரும்பினால், டீக்கடை முன்னால் சின்னதாக ஒரு வரிசை நின்றது. தலைச்சோலையிலிருந்து படத்தோடு வந்திருந்த ராசாத்தி பாய்லருக்குக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இப்பத்தான தொண்டை கிழியச் சொன்னேன்?" என்று கத்தினார் தேவசிகாமணி.

"எதுக்கும் இருக்கட்டுமுங்க மாஸ்டரு. அக்னி பகவான்னு ஒரு பேச்சு வந்திருச்சில்ல?"

அவர் மைக்கைத் தேடினார். அதை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். வெறுந்தொண்டையிலேயே கத்தினார்.

"யோசிக்கிறதுக்குக் காணிக்கை கெடையாதுங்க! ஓசிங்கிறதாலதான் அது மட்டும் வேண்டாம்னு எல்லாருமா ஒதுக்கி வெச்சிருக்கோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்!"