சுகந்தியின் கச்சேரியில் நான் போட்ட ஃபேன்

கலைஞர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கச்சேரி நன்றாக நடப்பதற்குத் தங்களாலும் ஏதோ ஆகவேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

என் மனைவி சுகந்தி ஜாஸ் பியானோ வாசிப்பவள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு எனக்கு நெஞ்சு நிமிரும் (தொப்பையும் ஒரு காரணம்). பள்ளிக்கூடத்துப் பிரேயர் ஹாலில் கிடந்த பழைய பியானோவில் தொடங்கியவள். காலையில் சர்ச் பாடகர் குழுவுக்குப் பயிற்சி, மத்தியானம் ஸ்டுடியோவில் சினிமாப் பின்னணி இசை, சாயங்காலம் திருவனந்தபுரம் தம்பானூர் பக்கம் ஒரு ஹோட்டலில் ஜாஸ். ஒரே நாளில் மூன்று விதமாக வாசித்துவிட்டு வந்து, நான் கருக்கி வைத்த தோசையையும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவாள். நான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். கீபோர்டு என்றால் எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டரோடு வருகிறது மட்டும்தான்.

அவள் அரேஞ்சரும்கூட. ஒரு மெட்டை எடுத்து, சாக்சபோன் எங்கே நுழையவேண்டும், ட்ரம்பெட் எங்கே வாயை மூடவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிற வேலை. ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் என் அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"அரேஞ்சுன்னா? நாற்காலியெல்லாம் எடுத்துப் போடுதாளா?" என்று கேட்டார்.

கடைசியில் அவள் சொந்தமாக ஒரு பாண்டு சேர்த்து, முதல் கச்சேரிக்கு நகரத்தில் ஒரு ஹாலையும் பிடித்தாள். எல்லாப் பாட்டுக்கும் அவளே எழுதியிருந்தாள். கொச்சியில் இசை விழா நடத்துகிற ஒருவர் கேட்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் பாண்டுக்கு விழாவில் இடம். அப்பாவும் அன்றைக்குத்தான் முதன்முதலாக மருமகள் வாசிப்பதைக் கேட்க வந்து, முன்வரிசையில் சலவை வேட்டியோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

மேடை ஏறுமுன் சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இருந்தாப் போதும், கேட்டியளா?"

கேட்டேன். கேட்டது மனசில் நிற்கவில்லை.

இரண்டாவது பாட்டில் ஹாலின் ஏசி நின்றுபோனது. திருவனந்தபுரத்துப் புழுக்கம் தெரிந்ததுதானே. சுகந்தியின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. இரண்டு கையும் வாசிக்கிறது, பாவம், எதைக் கொண்டு துடைப்பாள்? மேடையின் ஓரத்தில், கல்யாணப் பந்தலில் வைப்பார்களே, அந்த மாதிரி வண்டிச் சக்கரம் அளவில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் நின்றது. குனிந்தபடியே போய் அதைப் பியானோ பக்கம் திருப்பினேன். மூன்று பொத்தான்கள் இருந்தன. மனைவி மேல் இருந்த அன்பில் மூன்றாவதை அழுத்தினேன்.

முதலில் சுகந்தியின் தாள்கள் எழுந்தன. அப்புறம் சாக்சபோன்காரர்களின் தாள்கள். கடைசி நிமிஷம்வரை திருத்திக்கொண்டே இருந்ததால் அவள் எதையும் கோத்து வைக்கவில்லை. எல்லாம் உதிரித் தாள். சாக்சபோன் வாசிக்கிற ரெஜி வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சேட்டா, அந்த ஃபேன்..." என்றார்.

பதறி, நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு பின்னாலிருந்த ஒரு குமிழை அமுக்கினேன். ஃபேன் தலையாட்ட ஆரம்பித்தது. அதுவரை தப்பியிருந்த ட்ரம்பெட் பக்கமும் காலி. தாள்கள் ஜனங்கள் மடியில் போய் இறங்கின. ஒன்று அப்பாவின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அவர் அதை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, நிதானமாகப் படிக்கத் தொடங்கினார்.

யாரோ ப்ளக்கைப் பிடுங்கினார்கள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளட்டும் என்று நின்றேன். மேடைப் பலகை அசையவில்லை.

ஆனால் பியானோ நிற்கவில்லை.

சுகந்தியின் இடது கை பாட்டைப் பிடித்துக்கொண்டே போனது. பறந்தது தாள்தான், பாட்டு முழுக்க அவள் தலையில் இருந்தது. ரெஜி பக்கம் திரும்பி அவர் பகுதியை வாயால் பாடிக் காட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். ட்ரம்பெட்டுக்கு வலது கையால் ஒரு வரி வாசித்துக் காட்டி, கண்ணாலேயே "ம்" என்றாள். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். தாள் இல்லாத இடங்களில் அவரவர் மனம்போல வாசிக்கவிட்டு, சரியான இடத்தில் தலையசைத்துத் திருப்பிக் கூட்டிவந்தாள். ஜனங்கள் மடியில் தாளை வைத்துக்கொண்டு தாளம் போட்டார்கள். அவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன், அவள் என்ன செய்கிறாள் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. ஃபேனைக் கட்டிப்பிடித்தபடி அழுதேன் (வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்).

முடிந்ததும் கொச்சிக்காரர் மேடைக்கே வந்தார். "பாண்டு முழுசா வரணும். ஃபேன் போட்ட ஆளு வரணும்னு நிர்ப்பந்தம் இல்ல" என்றார். சுகந்தி சிரித்த சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது.

வெளியே அப்பா அந்தத் தாளை இன்னும் கையில் வைத்திருந்தார். "எவன் எங்க என்ன வாசிக்கணும்னு எல்லாம் அவ தலையிலயே இருக்கு, இல்லியா டே?"

"ஆமாப்பா. அதுக்குப் பேருதான் அரேஞ்சு."

"பின்ன நாற்காலின்னு சொன்னியே?"

"நீங்கதாம்பா சொன்னீங்க."

அதை அவர் காதில் வாங்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் டிரைவரிடம், "உள்ள பியானோ வாசிச்சது ஆரு தெரியுமா? என் மருமொவ" என்றார். வீடு வரும்வரை அதையே சொன்னார்.

சுகந்தியின் பாண்டு இன்று எத்தனையோ ஊர் போய்வருகிறது. நானும் விடாமல் கூடப் போகிறேன். மேடைப் பக்கம் என் தலை தெரிந்தால் போதும், ரெஜியின் ஒரு கை தானாகப் போய்த் தாளை அமுக்கிக்கொள்ளும். ஆரியசாலையில் அதைவிட மோசம். நான் கடைக்குள் கால் வைத்ததும் அப்பா கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, கிண்டலின் சாயலே முகத்தில் இல்லாமல் சொல்லுவார்: "பில்லு எல்லாத்தையும் எடுத்து உள்ள வையும்வே, இவன் வந்துட்டான்."