அரங்கண்ணல் வண்டியின் இருமல்

ஒரு காட்டில் அரங்கண்ணல் என்றொரு ஆமை வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்து வந்தது. மான் பத்மாசினியும் பன்றி கோதண்டமும் தினமும் அதில்தான் மலைமேலிருந்த சிங்கத்தின் ஆபீசுக்குப் போகும்.

பனிக்காலத்தில் வண்டி லேசில் கிளம்பாது. இருபது நிமிஷம் இருமும். மேடு ஏறும்போது கொதித்துப்போய் டீக்கடை வளைவில் நின்றுவிடும். ஆமைக்கு மானம் போகும்.

மெக்கானிக் நீர்நாய் சவரிமுத்து சொன்னது: "சாதா ஆயில் குளிர்ல கூழாட்டம் உட்கார்ந்துக்கும். சிந்தெடிக் ஆயில் ஊத்துண்ணே. சாவி திருப்பினதும் இஞ்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிரும். மலை ஏறினாலும் கருகாது. அடிக்கடி மாத்தவும் வேண்டாம்."

ஊற்றியாயிற்று. மறுநாள் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பி, டீக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒன்பதுக்கெல்லாம் ஆபீஸ் வாசலில் நின்றது. ஆமை ஓட்டுக்குள்ளேயே ஒரு குதி குதித்தது.

அடுத்த திங்கட்கிழமை வண்டி காலி. பத்மாசினியும் கோதண்டமும் எருமையின் ஓட்டை ஜீப்பில் உட்கார்ந்திருந்தன.

"என்மேல என்ன குத்தம்?" என்று ஆமை தழுதழுத்தது.

"உங்க மேல இல்லண்ணே," என்றது மான். "முன்னெல்லாம் பத்து மணிக்குப் போய், வண்டி மக்கர்னு சொன்னா சிங்கம் ஐயா விட்டுருவாரு. இப்ப ஒன்பதுக்கே போய் வேலை செய்ய வேண்டியிருக்கு."

"டீ குடிச்சு ஆறு நாளாச்சு," என்றது பன்றி. அதன் கண் கலங்கியிருந்தது.

ஆமை சவரிமுத்துவிடம் ஓடியது. "பழைய ஆயிலையே ஊத்திடு."

"இஞ்சின் என்ன பாவம் பண்ணுச்சு? மாட்டேன்."

ஆமை அன்று முழுக்க யோசித்தது. மறுநாள் இரண்டையும் கெஞ்சி ஏற்றிக்கொண்டது. சாவியைத் தொடவில்லை. தலையை ஓட்டுக்குள் இழுத்து, உள்ளேயிருந்து இருமியது: கர்ர்... கர்ர்... டுப். மானும் பன்றியும் இறங்கி, தெரு பார்க்க வண்டியைத் தள்ளின. பிறகு ஆமை சாவியைத் திருப்ப, வண்டி வழுக்கிக்கொண்டு மலை ஏறி, டீக்கடை வளைவில் 'தானாக' நின்றது. கடைக்காரக் குரங்கு பானட்டைத் திறந்து வெந்நீர் ஊற்ற, ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. எல்லாரும் நிதானமாக டீ குடித்தார்கள்.

பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் சிங்கம் காத்திருந்தது. மானும் பன்றியும் 'வண்டி மக்கர்' என்று ஆரம்பித்தன. சிங்கம் அவற்றை உள்ளே அனுப்பிவிட்டு, வண்டி ஜன்னலருகே குனிந்து ஆமையிடம் கிசுகிசுத்தது.

"நாளைக்கு என் மேலதிகாரி யானை ஐயா மீட்டிங் வெச்சிருக்கார். என்னையும் ஏத்திக்கங்க. வண்டி கொஞ்சம் கூடுதலாவே இருமட்டும்."

நீதி: இஞ்சினுக்கு நல்ல எண்ணெய் ஊற்று, இருமலை நீயே பார்த்துக்கொள்.