அன்ரனெற்றின் காணிக்கு என் கையெழுத்து

அன்புக்குரிய கிளிபோட் மச்சான் அவர்கட்கு,

யூனியன்வில்லில் உங்கள் முழங்கால் உட்பட எல்லோரும் நலமென நம்புகிறேன். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து லிப்ற் ஒன்றைத் தவிர எல்லோரும் நலம். போனில் பேசினால் உங்கள் தங்கை அன்ரனெற்றின் காதில் விழும். ஆகையால்தான் தாளும் பேனையும்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் மகள் அனோஜா யூனிவர்சிற்றியில் படிக்கும் சரித்திரம். ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் கூழ் குடித்துக்கொண்டிருக்க, அவள் தன் கட்டுரையை வாசித்தாள். மத்திய காலத்து இங்கிலாந்தில் கலியாணம் கட்டிய பெண்ணின் பானைசட்டிகூடப் புருசனுக்குத்தான் சொந்தமாம், அவன் சம்மதமில்லாமல் அவள் தன் காணியை விற்கவோ உயில் எழுதவோ ஏலாதாம். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சீ, காட்டுமிராண்டிச் சனம்" என்றேன். அவ்வளவுதான், அன்ரனெற் உள்ளே போய், ஊரிலிருந்து நொத்தாரிசு அனுப்பிய காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துவந்து கூழுக்குப் பக்கத்தில் வைத்தாள். பண்டத்தரிப்பில் உள்ள தன் சீதனக் காணியை, அங்கேயே குடியிருக்கும் உங்கள் இளைய தங்கைக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் ஊர்த் தேசவழமைச் சட்டப்படி புருசன் சம்மதமில்லாமல் அது முடியாது, நானோ மாரிகாலம் முழுக்க "பாப்பம், பாப்பம்" என்று சாட்டுச் சொல்லி வந்தேன்.

"அப்ப வையுங்கோ கையெழுத்தை."

"உது வேறை, இது வேறை" என்றேன்.

"டாட், அவங்கள் செத்து எழுநூறு வருசம். உங்களுக்கு என்ன எக்ஸ்கியூஸ்?" என்றாள் மகள்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் பிரபு. "பிரபுவுக்குத் தேத்தண்ணி வேணுமெண்டால் கேத்தில் அங்கை கிடக்கு" என்கிறாள் உங்கள் தங்கை.

உங்களிடம் என்ன மறைப்பு, எனக்கு அந்தக் காணியில் ஆசையில்லை. இங்கே கார் ஓடுவது அவள், வீட்டு லீஸ் அவள் பெயரில், வங்கிக்குப் போனாலும் அவளைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இந்த நாட்டுக்கு வந்தபின் அவள் என்னிடம் கேட்டது இந்தக் கையெழுத்து ஒன்றைத்தான். அதையும் கொடுத்துவிட்டால் பிறகு என்னிடம் கேட்க அவளுக்கு என்ன இருக்கிறது? நினைக்கப் பயமாக இருக்கிறது, மச்சான். ஆகவே மூத்தவர் நீங்கள்தான் அவளுக்குப் புத்தி சொல்லி ஆறப்போட வைக்க வேண்டும்.

மாதா உங்கள் வீட்டாரைக் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
அமிர்தநாதர்

பி.கு.: எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன். மை காயுமுன் அன்ரனெற் இன்னொன்று கேட்டாள். அனோஜா செவ்வாய்க்கிழமை வகுப்பில் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசவேணுமாம், அந்தக் காலத்துப் புருசனுக்கு ஒரு சாம்பிள் தேவையாம், "போய் நிப்பீங்களோ?" உடனே ஓம் என்றுவிட்டேன். ஆகவே புத்தி ஒன்றும் சொல்ல வேண்டாம், போட்டுக்கொண்டு போக உங்கள் நல்ல கோட்டு ஒன்றை மட்டும் கொடுத்துவிடுங்கள்.