‘ஐகோ’ சொல்லாமல் உட்காருவது எப்படி?

எழுபத்தொரு வயதில் சாங்கில் ஒரு சபதம் எடுத்தார். இந்த வருடக் கல்யாண நாளுக்குள் எப்படியாவது ஐம்பத்தொன்பது வயதாகிவிடுவது!

காரணம், தெருமுனைக் காபிக் கடைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு: ‘அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை.’ ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு கிழடுகள் பொழுதெல்லாம் உட்கார்ந்துவிடுகிறார்களாம்.

இன்றைக்கு வெள்ளைச் சுவரும் பூந்தொட்டியுமாக மினுக்குகிற அதே இடத்தில், நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு தேநீர் விடுதி இருந்தது. கல்யாணத் தரகுக்காரி அங்கேதான் சாங்கிலையும் போக்சிம்மையும் ஜன்னலோரமாக எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு நழுவினாள். படபடப்பில் சாங்கில், அந்தக் கால வழக்கப்படி தேநீரில் மிதக்கவிட்டிருந்த முட்டைக் கருவைத் தன் சட்டையில் கவிழ்த்துக்கொண்டார். போக்சிம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டார்.

இப்போது அவள் அப்படிச் சிரிப்பதில்லை. “அம்மா, வெளியே போகாதே, விழுந்துடுவே. அப்பா, நீங்க எதையும் தொடாதீங்க” என்று மகள் தினமும் போனில் மிரட்டுகிறாள். பரணில் ஏற்றி வைத்த பீங்கான் சாமான் மாதிரி இருவரும் பத்திரமாக இருந்தார்கள். சாங்கிலுக்கு வேறு ஆசையே இல்லை. அந்த ஜன்னலோரத்தில் ஒருமுறை அவளை உட்காரவைத்து, அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட வேண்டும். அந்த ஏக்கம் அவரைத் தூங்கவிடவில்லை.

ஐம்பத்தொன்பது ஏன் என்றால், அதிலும் கணக்கு இருந்தது. அவர்கள் ஊரில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர்; பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே மிருகம் திரும்பும். பன்னிரண்டு வருடம் குறைத்தால் பிறந்த வருடத்து மிருகம் மாறாது. யாராவது கேட்டால் ‘குதிரை’ என்று தைரியமாகச் சொல்லலாம். பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டாமா?

கல்யாண நாளுக்கு முந்தின நாளே ஒத்திகைக்குத் தயாரானார். காலையில் வெளியே போயிருந்த போக்சிம் திரும்பி வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க, தலையில தார் ஊத்திக்கிட்டீங்களா?”

“வெயில்ல கறுத்துப்போச்சு.”

“தலைமுடியா?”

“ஏன், முடி மேல வெயில் படாதா?”

“மாப்பிள்ளை விட்டுட்டுப் போன ஜீன்ஸை எதுக்கு மாட்டியிருக்கீங்க?”

“சும்மா, காத்தாட இருக்கட்டும்னு.”

“மூச்சு விட முடியுதா?”

“தேவைப்பட்டா விட்டுக்கறேன்.”

அவள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பாவம், மகளுக்குத் தெரியாமல் தினமும் காலையில் ஓடைக்கரையில் நடந்துவிட்டு வருகிறவள். அந்த வயதில் பெண்பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள், நடப்பார்கள் என்று சாங்கில் பரிதாபப்பட்டார்.

கடையில் எல்லாம் கச்சிதமாக நடந்தது. தொடுதிரையில் சட்டென்று காபி சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

“ஐ...கோ...!”

நம்மூர் ‘அம்மாடி’ மாதிரி, முழங்காலில் கிளம்பி வாய் வழியாக வெளியேறும் சத்தம் அது. அதற்கு யாரும் சாயம் பூச முடியாது. கடையே திரும்பிப் பார்த்தது. பரிமாறும் பெண் ஓடிவந்து அவர் காதருகே குனிந்து கத்தினாள்.

“தாத்தா! காது கேக்குதா? நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க?”

“குதிரை!”

“எந்தக் குதிரை, தாத்தா?”

எழுபத்தொன்றுக்கும் அதே குதிரைதான். காபியைக் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கையில் கொடுத்து, மரியாதையாக வெளியே விட்டார்கள். வீடு வரும்வரை அவர் அதைக் குடிக்கவே இல்லை. காபி கசக்கும் என்று முன்பே தெரிந்துவிட்டது. காகிதக் கோப்பையைப் பார்த்துப் போக்சிம் கேட்டதும், ஐம்பத்தொன்பது வயதுக் கணக்கையெல்லாம் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் போக்சிம் எழுப்பினாள். “கிளம்புங்க, என்கூட வாங்க.”

ஓடைக்கரைப் பக்கம் போகாமல் தெருமுனைக்குத் திரும்பினாள். கடைக் கதவுக்கு முன்னால் நின்று, கம்பளிச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

“ஏ போக்சிம்! இது எப்படி உன்கிட்ட?”

“ரெண்டு மாசமா காலையில இங்க கூட்டித் துடைக்கறது நான்தான்.”

“அறுபதுக்கு மேல உள்ளே விடமாட்டாங்களே!”

“காபி குடிக்கத்தான் விடமாட்டாங்க. கோப்பை கழுவ வந்தா யாரும் வயசு கேக்கலை.”

“நடக்கப் போறேன்னு சொன்னியே?”

“நீங்களாத்தான் அப்படி நினைச்சுக்கிட்டீங்க. போயிட்டு வரேன்னு மட்டும்தான் நான் சொன்னேன்.”

இரண்டு காபி போட்டு ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்தாள். “தினமும் ஒண்ணு குடிச்சுக்கன்னு முதலாளிப் பொண்ணு சொல்லியிருக்கா. இங்கதான் உட்கார்ந்து குடிப்பேன். எதிர் நாற்காலிதான் காலியா கிடக்கும். அதைப் பார்த்துக்கிட்டே குடிப்பேன்.”

சாங்கில் ஏங்கியது ஒரு பங்கு என்றால் இவள் ஏங்கியது இரண்டு பங்கு. அவர் மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஐ...கோ...!”

போக்சிம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு. நாற்பத்தைந்து வருடமாகியும் ஒரு நரைகூட விழாத சிரிப்பு. சாங்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை காபியை ருசித்துக் குடித்தார்.

கோப்பை காலியானதும் வாளியும் துணியும் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தன.

“மேல் கண்ணாடி ரெண்டு மாசமா எனக்கு எட்டலைங்க. ஐம்பத்தொன்பது வயசு ஆம்பளை, ஏணியில ஏறமாட்டீங்களா என்ன?”