ஆளில்லா வீடுகளின் பட்டியல்

கடலே இல்லாத ஒரு நாட்டில் கப்பற்படைத் தளபதி ஒருவர் இருந்தார். என்றாவது கடல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து நியமிக்கப்பட்டவர். அவ்வளவு யோசிக்கும் நாட்டில், மழைக்காலத்தில் ஆற்றங்கரையின் ஐந்நூறு குடும்பங்கள் எங்கே படுக்கும் என்பதை யோசிக்க மட்டும் யாருக்கும் நேரம் கிடைத்ததில்லை. நாட்டின் பெயர் செழியம்பலம்.

அதன் தலைநகரான தாழையூரின் நகர சபை ஒரு தை மாதத்தில் இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தது. ‘எளியோருக்கு எட்டும் விலையில் இல்லம்’ என்ற திட்டம் முரசறைந்து அறிவிக்கப்பட்டது. சபை நூற்றிருபது வீடுகளை விலைக்கு வாங்கி, வீடில்லாதவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும். ஆற்றங்கரையில் அன்று பாயசம் காய்ச்சினார்கள். வீடுகளும் வாங்கப்பட்டன. சாவிக்கொத்து யானைமேல் ஊர்வலம் வந்தது. பிறகு யானையும் திரும்பிப் போயிற்று, சாவிகளும் திரும்பிப் போயின. ஏறக்குறைய இரண்டாண்டு கழிந்தது.

அடுத்த தேர்தலில் ஆற்றங்கரைக்காரர்கள் வெள்ளத்தாயைச் சபைக்கு அனுப்பினார்கள். சந்தையில் அவித்த கிழங்கு விற்பவள் அவள். கணவன் சுடலைமுத்து வண்டி இழுத்தான். இரண்டு பெண் பிள்ளைகள். குடியிருந்த வாடகை வீட்டில் மராமத்து வேலை இருக்கிறது, உடனே காலி செய்யுங்கள் என்று உரிமையாளர் சொன்னதிலிருந்து இரண்டு வருஷமாக அவர்களுக்குத் தார்ப்பாய்க்கு அடியில்தான் குடித்தனம்.

முதல் கூட்டத்திலேயே அவள் எழுந்து நின்றாள்.

“வாங்குன வீட்ட ஒரு தடவ கண்ணுல காட்டுங்கய்யா.”

இல்லக் கொள்முதல் அதிகாரி விருத்தகிரியார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார். உறுப்பினரின் ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் செலவு பற்றிய கேள்விக்கு விடை எழுத்தில்தான் தரப்படும், அதுவும் கேட்டவரின் வீட்டு முகவரிக்கு மட்டுமே. வீடே இல்லாதவர் வீட்டைப் பற்றிக் கேட்டால் அந்த விடையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? இதிலுள்ள நியாயத்தை வியந்து சபை அன்றே அதைச் சட்டமாக்கியது.

மறுநாள் காலை வெள்ளத்தாய் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பத்தோடு நகர சபை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள். வாசல் படிக்கட்டில் அடுப்பை வைத்தாள். ‘நகர சபை மண்டபம், மூன்றாம் படி’ என்று முகவரி எழுதி மனுவை மீண்டும் கொடுத்தாள். அதிகாரிகள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிழங்குப் பானையைத் தாண்டி அலுவலகம் போனார்கள். இந்த வேடிக்கையைப் பார்க்கவே ஊர் திரண்டது. எட்டாம் நாள் ஒரு சேவகன் மாடியிலிருந்து இறங்கி, அரக்கு முத்திரையிட்ட கடிதத்தை மூன்றாம் படியில் ஒப்படைத்தான்.

‘எட்டும் விலை என்பது வாங்குபவருக்கு எட்டும் விலை. வாங்கியது சபை. விலை சபைக்கு எட்டியது. ஆகவே திட்டம் நிறைவேறிவிட்டது’ என்றது கடிதம்.

அதன் பிறகு வெள்ளத்தாய் மனு எழுதவில்லை. இருபத்தொரு உறுப்பினர்களில் பதினொரு பேர் கை தூக்கினால் வாங்கிய வீடுகளை நேரில் தணிக்கை செய்யலாம் என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. கிழங்குக் கூடையோடு வீடு வீடாகப் போய் அவள் ஆதரவு கேட்டாள். அவளையும் சேர்த்துப் பத்துப் பேர் தேறினார்கள். வாக்கெடுப்பு நாளில் மண்டபத்துக்கு வெளியே ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்துக் கைகள் உயர்ந்தன. விருத்தகிரியார் புன்னகைத்தார். அப்போது, முப்பது வருஷமாகச் சபையில் வாய் திறக்காத மருதப்பர் மெல்லக் கை தூக்கினார்.

“எம்மவ மூணு வருஷத்துல அஞ்சு வாடக வீடு மாறிட்டா,” என்றார். பதினொன்று ஆயிற்று.

தணிக்கை நாளன்று ஆற்றங்கரையே கிளம்பிவிட்டது. யாரும் சொல்லாமலே பெண்கள் பாயும் பானையும் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் விருத்தகிரியாரின் பல்லக்கு, அதன் பின்னால் சாவிக்கொத்தைச் சுமந்த சேவகன், அவனுக்குப் பின்னால் உறுப்பினர்கள், கடைசியில் ஜனங்கள். கோட்டை வாசலைத் தாண்டி, எண்ணெய்ச் செக்கைத் தாண்டி, ஊர்வலம் தெற்கே திரும்பியது. பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சுடலைமுத்து நின்றுவிட்டான்.

“ஏ, இது நம்ம தெருல்லா?”

பாலைத் தெருதான் அது. வரிசையாக நூற்றிருபது வீடுகள், பூட்டு மேல் பூட்டு. வெள்ளத்தாயின் பிள்ளைகள் பிறந்த வீடு இடது பக்கம் ஏழாவது. இரண்டு வருஷத்துக்கு முன் மராமத்து என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பிய தெரு. கதவுகளில் புதுச் சாயம்கூடப் பூசியிருக்கவில்லை.

விருத்தகிரியார் பொறுமையாக விளக்கினார். ஆள் குடியிருக்கும் வீட்டைச் சபை வாங்குவது முறையன்று. ஆகவே ஆளில்லாமல் செய்து தரும்படி விற்பவரைக் கேட்டார்கள். அவரும் நேர்த்தியாகச் செய்து கொடுத்தார். வீடில்லாதோருக்குச் சபை முறைப்படி ஓலை அனுப்பியது. பெறுபவருக்கு முகவரி இல்லை என்று அத்தனை ஓலைகளும் திரும்பி வந்துவிட்டன.

“அப்ப எங்களுக்கு வீடு குடுக்கணும்னுதான் எங்கள வீட்ட விட்டுத் தொரத்துனீகளா?” என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

“தங்கள் நலனைத் தவிர சபைக்கு வேறு நோக்கமில்லை, அம்மா.”

வெள்ளத்தாய் சேவகனிடம் கையை நீட்டினாள். அவன் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி வானத்தைப் பார்த்தார். மருதப்பர் நடந்து வந்து, சாவிக்கொத்தைச் சேவகன் தோளிலிருந்து கழற்றி அவள் கையில் வைத்தார். ஏழாவது வீட்டின் பூட்டைத் திறக்க மூன்று முறை முயன்றாள். பிள்ளைகள் அவள் இடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அதற்குப் பிறகு தெருவில் யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். உச்சிப்பொழுதுக்குள் நூற்றிருபது கூரைகளிலும் அடுப்புப் புகை.

சபை அவசரமாகக் கூடி, ஒரே நாளில் நூற்றிருபது குடும்பங்களைக் குடியேற்றிய சாதனைக்காக விருத்தகிரியாருக்குச் சரிகைச் சால்வை போர்த்தியது. அதே உற்சாகத்தில் அடுத்த இருநூறு வீடுகளையும் வாங்கத் தீர்மானித்தது. இந்த முறை சங்குத் தெரு. ஒரு வாரத்தில் அங்கே ‘மராமத்து’ அறிவிப்புகள் ஒட்டப்பட்டன.

செய்தி கேட்ட அன்றே வெள்ளத்தாய் பாலைத் தெருவைக் கூட்டினாள். சங்குத் தெருக்காரர்கள் ஒருவரும் வெளியேற வேண்டாம், துணைக்கு நாம் போய் உட்காருவோம் என்றாள். வீட்டுக்கு ஐந்து பேர், பத்துப் பேர் என்று போய் நிறைந்தார்கள். சபையின் மதிப்பீட்டாளர் அழகியநம்பி வந்தார். கண்டதை மட்டுமே எழுதும் குணத்தால் பதவி உயர்வே காணாதவர் அவர். இருநூறு முறை ‘ஆள் உண்டு’ என்று எழுதிக்கொண்டு திரும்பினார்.

விருத்தகிரியார் கொதித்தார். பங்குனி முடிவதற்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும். ஊர் முழுக்கத் தேடி, ஆளில்லாத வீடுகளைப் பட்டியலிட்டு வரும்படி அழகியநம்பிக்கு ஆணையிட்டார். பட்டியலில் ஏறும் வீடு எவருடையதானாலும், சபை சொல்லும் விலைக்கு விற்றே ஆகவேண்டும் என்றும் ஒரு சட்டத்தை முன்வைத்தார். சபை கைதட்டி நிறைவேற்றியது.

நாற்பது நாள் கழித்து அழகியநம்பி பட்டியலோடு வந்தார். ஒவ்வொரு பெயராக, ஒரே குரலில் வாசித்தார்.

“சபைத் தலைவர் கனகசபாபதி அவர்களின் தோட்ட மாளிகை. நான்கு ஆண்டுகளாக ஆள் இல்லை. பொக்கிஷதாரரின் மூன்று மாளிகைகள். ஆள் இல்லை. விருத்தகிரியார் அவர்களின் புதிய இல்லம், அதற்கடுத்த இல்லம்…”

பத்தொன்பது பெரிய மனிதர்கள், அறுபத்தொரு வீடுகள். வாசித்து முடிப்பதற்குள் பாதி இருக்கைகள் காலியாகிவிட்டன. அன்று பொழுது சாய்வதற்குள் அறுபத்தொரு வீடுகளிலும் வேலையாட்கள் விளக்கேற்றிவிட்டுப் போனார்கள். அழகியநம்பி மறுபடி சுற்றி வந்தார். விளக்கு ஆளாகாது என்று எழுதினார்.

மறுநாள் காலை ஆற்றங்கரைச் சேற்றில் பல்லக்குகள் வந்து இறங்கின. இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் இருந்த குடும்பங்களிடம், தயவுசெய்து தங்கள் மாளிகைகளில் வந்து குடியிருக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் கேட்டுக்கொண்டார்கள். வாடகை வேண்டாம் என்றார் சபைத் தலைவர். அவரிடம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று இசக்கியம்மாள் என்ற கிழங்கு வியாபாரி விசாரித்தாள். பிறகு, பல்லக்குச் செய்தி கேட்டு அங்கே வந்திருந்த வெள்ளத்தாயை ஆலோசனை கேட்டுப் பார்த்தாள்.

“எத்தன வருஷத்துக்குன்னு எழுதி வாங்கிக்கோ,” என்றாள் வெள்ளத்தாய்.

சபைத் தலைவர் கவிழ்த்துப் போட்ட பானைமேல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பதினெட்டுப் பேர் எழுதுகோலோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.