தென்னை குடித்த பியர்

ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவனால் குடும்பத்துக்கு ஆபத்தில்லை. ஒரே ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் போய்வந்தவன்தான் ஆபத்து. பெங்களூரில் நான் போனது பியர் ருசி பார்க்கும் வகுப்பு. (காசு கட்டித்தான் போனேன். என் மனைவி கவிதா இன்னும் மன்னிக்கவில்லை.)

அப்போது எங்களுக்குத் தலைதீபாவளிகூட ஆகவில்லை. மோகனூர்ப் பக்கம் மாமனார் தோட்டத்தில் கறி விருந்து. கவிதாவின் அண்ணன் செல்வராசு, தண்ணீருக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். என்னோடு இரண்டே வார்த்தைதான் பேசுவார்: "வாங்க", "சாப்புடுங்க". செல்லத் தங்கையைக் கண்காணாத ஊருக்குக் கூட்டிப்போனவன்மேல் அவருக்கு அவ்வளவு பாசம். அவரை எப்படியாவது சிநேகம் பிடித்துவிட வேண்டும் என்று ஐஸ் பெட்டி நிறைய ஹேஸி ஐ.பி.ஏ. கொண்டுபோயிருந்தேன். பழ வாசனையும் கசப்புமாக, பார்வைக்குக் கலங்கலாக இருக்கும் விலை கூடிய பியர் அது.

மாமனார் கண்ணில் படாமல் மோட்டார் ரூமுக்குப் பின்னால், ஒரு குட்டைத் தென்னையடியில் கட்டில் போட்டு உட்கார்ந்தோம். ஒரு கேனை டம்ளரில் ஊற்றிக் கொடுத்து வகுப்பை ஆரம்பித்தேன்.

"உடனே குடிச்சிடாதீங்க மச்சான். முதல்ல மோந்து பாக்கணும். மாம்பழ வாசம் வரும். அப்புறம் ஒரு வாய் கறி, ஒரு மடக்கு இது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தூக்கி விடும்."

அவர் டம்ளரை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் கவலை தெரிந்தது. "சரிங்க மாப்ள" என்றார். (புது வார்த்தை. நான் பூரித்துப்போனேன்.)

பள்ளிபாளையம் சிக்கன் வாங்கிவர அடுப்படிக்குப் போனேன். மாமியாருக்கும் கொஞ்சம் வகுப்பெடுத்ததில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால், மச்சான் ஒரு கேனைத் தென்னை வேரில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் காலி கேன்கள்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"கலங்கலா வருதுங்க மாப்ள. புது போர்லயும் மொதல்ல இப்படித்தான் வரும். கொஞ்சம் ஓட உட்டா தெளிஞ்சுரும்னு பாத்தனுங்க. எல்லாமே இப்படியேதான் இருக்குது. கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்திப்போட்டானுங்க."

அவர் என்மேல் காட்டிய முதல் பரிவு அது. மறுத்துப் பேச மனம் வரவில்லை. ஆனாலும் பெட்டியில் ஒரே ஒரு கேன் மிச்சமிருந்தது. மானத்தைக் காப்பாற்ற அதை ஊற்றி, ஒரு துண்டு கறியை வரமிளகாயோடு சேர்த்து மென்று, மேலே ஒரு மடக்குக் குடித்துக் காட்டினேன். (அந்த மிளகாயை ஒதுக்கிவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்பது அங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.) கசப்பும் காரமும் ஒன்றையொன்று தூக்கித்தான் விட்டன. காது அடைத்தது, கண்ணில் நீர் கொட்டியது, விக்கல் நிற்கவே இல்லை.

"நல்லாருக்குதுங்களா மாப்ள?" என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

"நல்..." என்றேன். மீதியை விக்கல் விழுங்கியது.

கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத மனிதர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதே மரத்தில் ஓர் இளநீரைப் பறித்துச் சீவிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த மதியம் திரும்பக் கிடைக்குமென்றால் இன்னொரு மிளகாயைக்கூடத் தின்பேன்.

அந்தத் தென்னைக்கு இப்போது மாப்பிள்ளை மரம் என்று பெயர். எப்போது போனாலும் அதன் இளநீர்தான் முதலில் என் கைக்கு வரும். கொடுக்கும்போது மச்சான், என் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிரிக்காமல் சொல்வார்:

"குடிங்க மாப்ள. அன்னைக்கு நீங்க கொண்டாந்ததுதானுங்க. இப்பத்தான் தெளிஞ்சு வருது."